நாலாம் தட்டு எலிகள்

மஸ்கெலியா
1.12.2024

சுலக்ஷனாவுக்கு,

நம்பரை பிளாக் செய்துவிட்டால் அண்ணன் வாயை அடைத்துவிடலாம் என்று நினைத்தாயா? பேனா இருக்கிறது, காகிதம் இருக்கிறது, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை கண்டியில் இருந்து வீட்டுக்கு வந்து போகிற அப்பா இருக்கிறார். இனிமேல் உனக்கும் எனக்கும் பேச்சு அவருடைய பைக்குள்தான்.

உங்கள் ஆய்வுகூடத்தில் இருந்து எங்கள் முதலாளிக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. 'தீவன அளவில் தெளிவில்லாத விடயங்கள் உள்ளன, அறிக்கை தாமதமாகலாம்.' கையெழுத்து டாக்டர் ஜெயமலருடையது. ஆனால் வேலை யாருடையது என்று எனக்குத் தெரியாதா? சின்ன வயதிலேயே சோற்றில் கல் பொறுக்குகிறேன் என்று பானையைக் கவிழ்த்தவள் நீ.

ஒன்றை மறந்துவிடாதே. மழைக்காலத்துத் தேயிலைத் தூளில் ருசியும் கிடையாது, மணமும் கிடையாது. எங்கள் 'பெப்ரவரி' எசன்ஸில் இரண்டு சொட்டு விட்டால் அதே தூள் வெயில் மாதத்துத் தேயிலை மாதிரிக் குடிக்க வரும். பால்மாவும் சீனியும் கலந்து பக்கட்டில் போட்டால் கொழும்பில் அடித்துப்பிடித்து வாங்குவார்கள். இது உடம்புக்குத் தீங்கில்லை என்ற ஒரு தாள் மட்டும்தான் பாக்கி. அதற்காகத்தான் உங்கள் எண்பது எலிகளும் தொண்ணூறு நாள் கணக்கில் அதைத் தின்றுகொண்டிருக்கின்றன.

நம் தோட்டத்து டிவிஷன் பிள்ளைகள் பதினான்கு பேர், கொழும்பில் பார்த்த வேலையை விட்டுவிட்டு என் பேச்சை நம்பி இந்தப் பக்கட் போடுகிற வேலைக்கு வந்து நிற்கிறார்கள். தினமும் வாசலில் வந்து, "அண்ணே, எப்ப தொறக்கிறீங்க?" என்கிறார்கள். ஜனவரி 18 பரிசோதனையின் கடைசி நாள். அதோடு அறிக்கை வரவேண்டும். கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளை மாதிரி குத்தம் பிடித்துக்கொண்டு நிற்காதே.

நிரஞ்சன்

*

கண்டி
13.12.2024

அண்ணனுக்கு,

நம்பரை பிளாக் செய்தது உண்மைதான். ஒரே காலையில் பதினொரு தடவை எடுத்தீர்கள். பன்னிரண்டாவது தடவை ஆபீசுக்கே எடுத்து, டாக்டரிடம், "என் தங்கச்சியக் கொஞ்சம் சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்க" என்றீர்கள். பரிசோதனைக்குக் கொடுத்தவரின் தங்கைதான் எலிகளை நிறுக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியவந்தது. எவ்வளவு வெட்கமாக இருந்தது என்று உங்களுக்கு விளங்காது. நிறுக்கிற வேலையில் இருந்து என்னை எடுத்துவிடச் சொன்னேன். வேறு ஆள் இல்லை என்றார்.

தெளிவில்லாத விடயம் என்ன என்று கேட்காமலே திட்டுகிறீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள்.

எலிக்கூண்டுகள் நாலு தட்டுகளில் இருக்கின்றன. தட்டுக்கு இருபது எலி. முதல் தட்டுக்கு எசன்ஸ் இல்லாத தீவனம். இரண்டாம் தட்டுக்குக் கொஞ்சம், மூன்றாம் தட்டுக்கு இன்னும் கொஞ்சம், நாலாம் தட்டுக்குத்தான் அதிகம். வாராவாரம் எலியையும் நிறுப்பேன், மிச்சமாகிற தீவனத்தையும் நிறுப்பேன். நாலாம் தட்டில் தீவனம் பாதிக்கு மேல் அப்படியே கிடக்கிறது. எலியோ வாரத்துக்கு வாரம் கொழுக்கிறது. தின்னாத எலி காற்றைக் குடித்தா கொழுக்கும்?

டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி, குரலை உயர்த்த மாட்டார். தாளைப் பார்த்துவிட்டு, "எலியும் பொய் சொல்லாது, தராசும் பொய் சொல்லாது. இடையில ஆரோ பொய் சொல்லினம்" என்றார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

நான் கண்டுபிடிப்பேன். அதுவரை அறிக்கை வராது. கணக்கப்பிள்ளை என்று எழுதியதை நான் மறக்க மாட்டேன்.

சுலக்ஷனா

*

மஸ்கெலியா
15.12.2024

சுலக்ஷனாவுக்கு,

எலி மெலிந்தால் விஷம் என்பீர்கள். கொழுத்தால் பொய் என்பீர்கள். உங்கள் படிப்பே இப்படித்தானா?

கண்டுபிடிப்பாளாம். நீ ஏ.எல். பரீட்சை வரைக்கும் படிக்க வேண்டும் என்று பதினாறு வயதில் கொழும்புக் கடையில் மூட்டை தூக்கியவன் நான். அம்மா செத்த வருசம் உனக்குப் பரீட்சை என்று எட்டாம் நாளே பஸ் ஏறிவிட்டாய். முப்பதாம் நாள் காரியத்தையும் நான்தான் செய்தேன். ஒரு வார்த்தை கேட்டேனா? இன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒன்று கேட்கிறேன், அதற்குத் தராசைத் தூக்கிக் காட்டுகிறாய்.

இன்னொன்று. தோட்டத்தில் பென்சன் ஆகி நிம்மதியாக இருந்த மனிதரை எலிக்கூண்டு கழுவக் கூட்டிக்கொண்டு போனது யார்? மாட்டைக் கட்டி மேய்த்தவர், பிராணிகளென்றால் அவருக்கு உயிர் என்று பெரிதாகச் சொன்னாய். அவர் வீட்டுக்கு வந்தால் இரண்டு சோப்பு போட்டுக் குளித்தாலும் அந்த வாடை போகவில்லை. ஷாமிலா, "தாத்தா மேல எலி மணக்குது" என்று மடியில் ஏற மாட்டேன் என்கிறாள். நாலு வயசுப் பிள்ளை. அவர் முகம் போன போக்கைப் பார்த்தேன்.

18ஆம் தேதி. மறக்காதே.

நிரஞ்சன்

*

கண்டி
27.12.2024

அண்ணனுக்கு,

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

திங்கட்கிழமை நாலாம் தட்டுக் கூண்டுகளில் மரத்தூளை மாற்றும்போது, அடியில் பழுப்பு நிறத்தில் பொடி கிடந்தது. மோந்து பார்த்தேன். கருப்பட்டி. மறுநாள் காலையில் வழக்கத்துக்கு முன்னாலேயே வந்து கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்பா வந்தார். கூண்டு கழுவவில்லை. சட்டைப் பையில் இருந்து ஒரு மாவுருண்டையை எடுத்தார், கிள்ளிக் கிள்ளி நாலாம் தட்டு எலிகளுக்கு ஒவ்வொன்றாக ஊட்டினார். "தின்னு சாமி, தின்னு" என்றார். கதவைத் திறந்தேன். என்னைப் பார்த்துப் பதறவேயில்லை.

"ஏம்ப்பா இப்படிப் பண்றீங்க?"

"அதுங்க தீனியப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்குதுங்க புள்ள. மத்த தட்டெல்லாம் தின்னுது. இதுங்க மட்டும் பட்டினி. வாயில்லாத சீவன் பட்டினி கெடக்கயில நா எப்புடி சோறு திங்கிறது?"

நம் செவலை மாடு ஞாபகம் இருக்கிறதா? ஒருநாள் புண்ணாக்கை மோந்துவிட்டுத் தள்ளிவிட்டது என்று இவர் காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்கே போகாமல் கருப்பட்டியை உடைத்து ஊட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அரைப்பேர் என்று அரை நாள் சம்பளத்தை வெட்டிவிட்டார்கள். அதே மனிதர்தான். அதே கைதான்.

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். ரொம்ப நாளாக என்றார். உருண்டை எங்கே வாங்குகிறீர்கள் என்றேன். பஸ் ஸ்டாண்ட் கடையில் காகிதச் சரையில் கட்டிக் கொடுக்கிறார்கள் என்றார்.

இதன் அர்த்தம் உங்களுக்கு விளங்க வேண்டும். அந்த இருபது எலிகளும் உங்கள் எசன்ஸைச் சரியாகத் தின்னவேயில்லை. மாவுருண்டை தின்றுதான் உடம்பு வைத்திருக்கின்றன. 'பெப்ரவரி' கெடுதல் என்று நான் சொல்லவில்லை. வாடை பிடிக்காமல்கூட விட்டிருக்கலாம். கெடுதலா இல்லையா என்று யாருக்குமே தெரியாது என்பதுதான் விடயம். தெரியாததைத் தெரியும் என்று எழுதி, பிள்ளைகள் குடிக்கிற பக்கட்டில் ஒட்டச் சொல்கிறீர்கள்.

இன்னும் டாக்டரிடம் சொல்லவில்லை. நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. பதிவேட்டைத் திறக்கிறேன், அப்பா பெயரை எழுத வேண்டிய இடத்தில் பேனா நிற்கிறது. நேற்று அவருக்குப் புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். கூண்டு இலக்கம் இப்போது நன்றாகத் தெரிகிறதாம், சந்தோசப்படுகிறார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வருகிறது.

சுலக்ஷனா

*

மஸ்கெலியா
29.12.2024

சுலக்ஷனாவுக்கு,

எழுதாதே.

கெஞ்சுகிறேன் என்று நினைக்காதே, சொல்கிறேன். பெற்ற தகப்பனைக் காட்டிக்கொடுத்துத்தான் நீ நல்ல பெயர் வாங்க வேண்டுமா? அறுபத்தொரு வயது. முப்பத்தெட்டு வருசம் தோட்டத்தில் மலை ஏறி இறங்கியதில் ஒரு நாள் அவர் மேல் களவு, பொய் என்று யாரும் விரல் நீட்டியதில்லை. உங்கள் வெள்ளைக் கோட்டுக்காரர்களுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நிற்கவா அவரை அங்கே கூட்டிப் போனாய்?

அப்படி என்ன ஊரை அழித்துவிட்டார்? ஒரு வயசான மனிதர் ஒரு டின் மாவுருண்டையை எலிக்குப் போட்டார். யார் செத்தார்கள்? மரத்தூளைக் கூட்டி அள்ளிக் கொட்டு. தாளில் கையெழுத்தைப் போடு. மூன்று வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அவர் வீட்டுக்கு வந்துவிடுவார், பதினான்கு பிள்ளைகளுக்கும் வேலை கிடைக்கும், உன் பெயரும் கெடாது.

எழுதினாயோ, அம்மாவின் திவசத்துக்குக்கூட இந்த லயத்து வீட்டு வாசலை மிதிக்காதே.

நிரஞ்சன்

*

கண்டி
3.1.2025

நிரஞ்சனுக்கு,

இதைத் தபாலில் போடுகிறேன். அப்பா கையில் கொடுக்க மனசு வரவில்லை.

டின் என்று எழுதியிருக்கிறாய். நான் டின் என்று எழுதவே இல்லை. சரை என்றுதான் எழுதினேன். அப்பா அப்படித்தான் சொன்னார். மூன்று தடவை என் கடிதத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பிறகு போய் அவருடைய அலுமாரியைத் திறந்தேன். துணிக்குக் கீழே மஞ்சள் நிறப் பால்மா டின். மூடியில் ஜீவராணி அண்ணி கையெழுத்தில் 'மாமாவுக்கு' என்று ஒட்டியிருக்கிறது.

உனக்குத் தெரியும். முதல் கடிதத்தில் என்னைக் கணக்கப்பிள்ளை என்று திட்டியபோதே தெரியும். எலி கொழுத்தால் பொய்யா என்று நக்கல் எழுதியபோதும் தெரியும். உன் வீட்டு அடுப்பில் வறுத்த மாவுதான் என் எலிகளின் வயிற்றில் இருந்தது. ஒன்றும் அறியாதவன் மாதிரி எனக்கே ஏசிக் கடிதம் எழுதி, அதையும் அவர் பையிலேயே வைத்து அனுப்பியிருக்கிறாய். டின் ஒரு பக்கம், கடிதம் ஒரு பக்கம். சீ!

அம்மாவின் கொழுந்துக் கூடையை நிறுக்கும்போது, தண்ணீர்க் கொழுந்து என்று சொல்லி அந்தக் கணக்கப்பிள்ளை தினமும் இரண்டு கிலோவை வெட்டி எழுதுவான். அம்மா ஒன்றும் பேசாமல் வருவாள். நீதான் வாசலில் நின்று அவனைப் பச்சை பச்சையாகத் திட்டினாய். எனக்கு அப்போது எட்டு வயது. நிறுவையில் பொய் எழுதுகிறவனைவிடக் கேவலமானவன் உலகத்தில் கிடையாது என்று அன்றைக்கு உன் வாயில் இருந்துதான் கேட்டேன். இப்போது என்னை அதையே எழுதச் சொல்கிறாய்.

ஒரே ஒரு கேள்வி. அப்பாவாகக் கேட்டாரா, நீயாகக் கொடுத்தாயா? உண்மையைச் சொன்னால் உன் பெயரை எழுதாமல் விடலாமா என்று யோசிக்கிறேன்.

சுலக்ஷனா

*

மஸ்கெலியா
12.1.2025

சுலக்ஷனா,

நீ என்று எழுதியிருக்கிறாய். இருக்கட்டும்.

தீபாவளிக்கு வந்தபோது அப்பா என்னிடம் கேட்டார். "ஏன்டா, அந்தத் தீனியில என்ன கலந்திருக்கீங்க? கடைசித் தட்டு எலிங்க மோந்துட்டு ஓரமாப் போயிருதுங்க."  அவை மெலிந்து செத்தால் எல்லாம் போச்சு. பழக்கமில்லாத வாடை, வேறொன்றுமில்லை, கொஞ்சம் இனிப்பாகக் கொடுத்துப் பழக்கினால் தின்னும் என்றேன். அவருக்குச் சந்தோசம். ஜீவாவிடம் வறுக்கச் சொன்னதும் நான்தான். அவளுக்கு விடயம் தெரியாது, மாமனாருக்குத்தான் என்று நினைத்தாள். உன்னிடம் சொல்ல வேண்டாம், நீ ஏசுவாய் என்று அப்பாவிடம் சொன்னதும் நான்தான். போதுமா?

பதினான்கு பேர் வாசலில் நிற்கும்போது நீயும் அதைத்தான் செய்திருப்பாய். செய்திருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். உன் வாசலில் யாரும் நின்றதில்லை.

கெடுதல் இல்லாமல் இருக்கலாம் என்று நீயே எழுதியிருக்கிறாய். அதைப் பிடித்துக்கொண்டு கையெழுத்தைப் போடு. பக்கட் செய்ய வந்த பிள்ளைகள் சாம்பிளைத் தினமும் குடிக்கிறார்கள், ஒருத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை. நானும் குடிக்கிறேன். ஷாமிலாவுக்கு மட்டும் கொடுக்கிறதில்லை. சின்னப் பிள்ளை என்பதால்தான். வேறு காரணம் இல்லை.

இதை வாசித்துவிட்டுக் கிழித்துப் போடு. நன்றாக ஒட்டி அப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன். கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் என்ன, பிள்ளைகளின் கடிதத்தைப் பிரிக்கிற மனிதர் இல்லை அவர்.

நிரஞ்சன்

*

கண்டி
14.1.2025

நிரஞ்சனுக்கு,

பிரித்துவிட்டார்.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் கண்டி பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருந்ததாம். ஒன்றரை மாதமாக இந்தப் பிள்ளைகள் பேசாமல் எழுதிக்கொள்வது என்ன என்று அங்கேதான் பிரித்திருக்கிறார். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தாராம். பஸ்ஸைக்கூட விட்டுவிட்டார், அடுத்த பஸ்ஸில்தான் வந்தார்.

நேற்று நேராக டாக்டர் அறைக்குத்தான் போனார். என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகும்போது அப்பா செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"நாந்தாம்மா குடுத்தேன். எம்புள்ளைகளுக்கு ஒன்னும் தெரியாது. மகனுக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது."

டாக்டர் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "வீரய்யா ஐயா, நீங்கள் என்ன செய்தனீங்கள் எண்டு உங்களுக்கு விளங்குதோ?" என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "உமக்கு இது தெரியுமோ?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அப்பா எனக்காகத்தான் அந்தப் பொய்யைச் சொல்லி வைத்திருந்தார். தெரியும் என்றேன். மூன்று வாரமாகத் தெரியும், எழுதவில்லை என்றேன். பிறகு, அப்பா சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த உன் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அப்பா என் கையைப் பிடித்தார். "வேணாம் புள்ள" என்றார். நான் கையை உதறினேன். அப்பாவின் கையை உதறினேன், நிரஞ்சன். அந்தப் பாவத்தில் உனக்கும் பங்கு உண்டு.

டாக்டர் முழுவதையும் வாசித்தார். ஷாமிலாவுக்குக் கொடுக்கிறதில்லை என்று எழுதியிருந்த வரியின் கீழே பேனாவால் கோடு போட்டார். 

பரிசோதனை இரத்து. எனக்கு விசாரணை, அதுவரை வேலைக்கு வர வேண்டாமாம். நாளைக்கு மட்டும் வந்து கடைசி வேலையை முடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். அது என்ன என்று சொல்கிறேன்.

போகும்போது அப்பா டாக்டரிடம் ஒன்றுதான் கேட்டார். "இனி இதுங்கள எங்கம்மா கொண்டுபோய் விடுவீங்க?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். தொண்ணூறு நாள் முடிந்ததும் பின்னால் இருக்கிற காட்டில் விட்டுவிடுவார்கள் என்று இத்தனை மாதமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் ஊட்டினாலும் ஊட்டாவிட்டாலும் 18ஆம் தேதி எல்லாவற்றையும் கொன்று அறுத்து ஈரலைப் பார்க்கிறதுதான் முறை. நான் அவரிடம் சொல்லவேயில்லை. சொல்லியிருந்தால் இந்த வேலைக்கு வந்திருக்க மாட்டார். மாட்டை வளர்த்தவர், பிராணிகளென்றால் உயிர் என்று பெருமை பேசித்தான் சேர்த்துவிட்டேன். நீ மறைத்ததை வாய் கிழியக் கேட்டேன். நான் மறைத்தது இது.

இப்போது 18 வரை வைத்திருக்கத் தேவையில்லை. நாளைக்கே. எண்பதும். நாளைக்கு மாட்டுக்குப் பொங்கல் வைக்கிற பட்டிப் பொங்கல். டாக்டருக்கு அது ஞாபகமில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. மயக்க மருந்து போடுவது நான்தான்.

எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே துணியை மடித்தார். டின்னை மட்டும் மேசையில் வைத்துவிட்டு, இன்று காலை பஸ்ஸில் ஏறிவிட்டார். கடிதம் தரவா என்று கேட்டேன். இனி உங்கள் கடிதத்தைத் தொட மாட்டேன் என்றார். ஆதலால் தபாலில் வருகிறது.

சுலக்ஷனா

*

மஸ்கெலியா
19.1.2025

சுலக்ஷனா,

டாக்டரின் கடிதம் முதலாளிக்கு வந்தது. அன்றைக்கே சாவியை வாங்கிக்கொண்டார். பிள்ளைகளிடம் நான்தான் சொன்னேன். ஒருத்தியும் ஏசவில்லை. "சரிண்ணே" என்று பையை எடுத்துக்கொண்டு போனார்கள். நாலு பேர் மறுபடியும் கொழும்புக்குப் போய்விட்டார்கள். நீ எழுதிய எதையும் நான் மன்னிக்கவில்லை. என் கடிதத்தைக் காட்டியதைச் சாகிறவரைக்கும் மன்னிக்க மாட்டேன். அதைப் பேச இது நேரமில்லை.

அப்பா சாப்பிடுகிறதில்லை.

செவ்வாய்க்கிழமை பொழுது சாய வந்தார். களைப்பு என்று நினைத்தோம். பட்டிப் பொங்கலன்று பக்கத்து லயத்தில் மாட்டுக்குப் பொங்கல் வைத்தார்கள், கூப்பிட்டார்கள், போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார். அன்றில் இருந்து பால் இல்லாத சாயத்தண்ணீர் மட்டும்தான். ஜீவா சோறு போட்டாள், கீரை கடைந்து வைத்தாள், கோழி அடித்தாள். தட்டைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். ஷாமிலா மடியில் ஏறி உட்கார்ந்து ஊட்டப் பார்த்தாள். அவள் தலையைத் தடவிக் கொடுத்தார், வாயைத் திறக்கவில்லை.

நேற்று ஜீவா மாவுருண்டை பிடித்தாள். அவளுக்கு இன்னும் முழுவதும் தெரியாது. நானே எடுத்துக்கொண்டு போய், "தின்னுங்கப்பா" என்று வாயருகில் வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். தங்கச்சியை வரச் சொல்லவா என்று கேட்டேன். அதற்கும் திருப்பிக்கொண்டார்.   நாலாம் தட்டு எலிகளை நான் பார்த்ததில்லை. இப்படித்தான் இருந்தனவா?

ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறார். இன்றைக்கு ஐந்தாவது நாள். இடுப்பில் கட்டிய சாரம் நிற்கவில்லை. உன் நம்பர் இன்னும் பிளாக்கில்தான் இருக்கிறது, அதனால் இதைக் கண்டி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.

நீ கொடுத்தால் வாங்குவாரா என்று எனக்குத் தெரியாது. வாங்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். தெரியாததைத் தெரியும் என்று எழுதக் கூடாது என்றாயே, அதனால் வாங்குவார் என்று எழுதவில்லை. லயத்து வாசலை மிதிக்காதே என்று நான் எழுதியதைத் தூக்கி எறி. உன் முகத்தைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. நான் வெளியே போய் நிற்கிறேன்.

முதல் பஸ்ஸில் வா.

நிரஞ்சன்